கி.பி. 2560-லும் பெட்ரோல் தீருமா?

ஒரு காட்சி. மாலை ஆறு மணி, கல்லூரிப் பேருந்து (அல்லது டவுன் பஸ், உங்கள் வசதி). ஜன்னலோர சீட்டில் ஒரு மாணவர், கையில் மொபைல். திரையில் ஊதா நிற வானம், நியான் கோடுகள், தரையைத் தொடாமல் மிதக்கிற ஒரு வண்டி. மூன்று ரேஸ் ஓட்டியாயிற்று. நான்காவதற்கு 'ஸ்டார்ட்' அழுத்தியதும் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. எரிபொருள் தீர்ந்துவிட்டதாம். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டுமாம். முடியாதென்றால் வைரம் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாமாம். வைரம் எங்கே கிடைக்கும்? கடையில். கடை எங்கே? அதே பெட்டியின் கீழே, பச்சை நிறப் பொத்தானாக.

மிதக்கிற வண்டி. சக்கரமே கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்து நடக்கிற கதை. அங்கேயும் பெட்ரோல் பங்க் வரிசை!

சிரித்துவிட்டு அடுத்த ஆப்பைத் தேடிப் போய்விடலாம்தான். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு முழு வணிகவியல் பாடம் ஒளிந்திருக்கிறது. மொபைல் கடைகளில் 'ரெட்ரோ', 'ஆர்கேட்', 'நியான்' என்று பெயர் போட்டுக் குவிந்து கிடக்கிற எதிர்கால ரேஸ் விளையாட்டுகளில் பலவும், பழைய விளையாட்டுகளிடமிருந்து நிறத்தை எடுத்துக்கொண்டன. இசையை எடுத்துக்கொண்டன. எழுத்துருவைக்கூட விட்டுவைக்கவில்லை. விட்டுவிட்டது ஒன்றே ஒன்றுதான்: போட்ட காசுக்கு என்ன கிடைக்கும் என்கிற ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் இல்லாமல் ரெட்ரோ என்று சொல்லிக்கொள்வது, பழைய ஓட்டலின் போர்டை மட்டும் விலைக்கு வாங்கி மாட்டிவிட்டு உள்ளே வேறு ஆளை வைத்துச் சமைப்பது மாதிரி.

முதலில் கொஞ்சம் வரலாறு. (தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம், கோபம் இல்லை.)

1990 நவம்பர் 21 அன்று ஜப்பானில் நின்டென்டோ நிறுவனத்தின் சூப்பர் ஃபேமிகாம் பெட்டி விற்பனைக்கு வந்தது. முதல் நாள் அதோடு வந்த விளையாட்டுகள் இரண்டே இரண்டு. ஒன்று மரியோ. இன்னொன்று எஃப்-ஸீரோ. கதை நடக்கும் ஆண்டு கி.பி. 2560. வண்டிகள் தரைக்கு மேலே மிதந்தபடி பறக்கும். இதில் ஒரு தொழில்நுட்ப வேடிக்கை உண்டு. அந்தப் பெட்டிக்கு முப்பரிமாணமெல்லாம் சரியாக வராது. தரையாக வரைந்த ஒரே ஒரு தட்டையான படத்தைச் சுழற்றி, கிட்டே இருப்பதைப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் வரி வரியாக இழுத்துக் காட்டும், அவ்வளவுதான். 'மோட் 7' என்று அதற்குப் பெயர். மேடு இல்லை, பள்ளம் இல்லை, பாலம் இல்லை. பாய் விரித்த மாதிரி ஒரு உலகம். அப்படிப்பட்ட உலகத்தில் சாதாரணக் காரை ஓடவிட்டால் பொம்மைக் கார் மாதிரித் தெரியும். மிதக்கிற வண்டியை விட்டால் கச்சிதமாகப் பொருந்திவிடும். எதிர்காலம் என்பது அங்கே வெறும் அலங்காரம் இல்லை, இயந்திரத்தின் குறையை மறைக்கிற சாமர்த்தியமும்கூட. (இதையே இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற மாதிரி செய்து பார்க்கலாமே என்று தொடங்கிய முயற்சிதான் 1992-ல் மரியோ கார்ட் ஆக முடிந்தது. அது வேறு கதை.)

அதற்கு முந்தைய ஆண்டே, 1989-ல், அட்டாரி கேம்ஸ் நிறுவனம் ஸ்டன் ரன்னர் என்ற ஆர்கேட் இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தது. வண்டி மேல் ஏறி உட்காருவது போல உட்கார்ந்து, எதிர்காலச் சுரங்கப் பாதைகளுக்குள் பாய வேண்டும். பிறகு 1995-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த சைக்னாசிஸ் நிறுவனம் வைப்அவுட்டைக் கொண்டுவந்தது. ஷெஃபீல்டின் டிசைனர்ஸ் ரிபப்ளிக் என்ற வடிவமைப்பு நிறுவனம் அதற்குச் சின்னங்கள் வரைந்தது, ராத்திரி கிளப்புகளில் ஒலித்த மின்னணு இசை அதில் ஒலித்தது. இன்று மொபைலில் பார்க்கிற ஊதா வானத்துக்கும் நியான் கோட்டுக்கும் இந்த வகையறாதான் தாத்தா பாட்டி.

இங்கே ஒரு கேள்வி எழும். இதெல்லாம் இங்கே எவர் பார்த்தார்? தொண்ணூறுகளில் நம்மூர் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் கேசட் செருகுகிற 8 பிட் நகல் பெட்டிகள். ஒரே கேசட்டில் லட்சக்கணக்கில் விளையாட்டு இருப்பதாக மேலே அச்சடித்திருக்கும். உள்ளே நாலைந்துதான் மாறி மாறி வரும். எஃப்-ஸீரோ ஓடிய பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. இன்றைக்கு இருபது வயதில் இருக்கிறவர் 1990-ல் பிறக்கவே இல்லை. பிறகு 'ரெட்ரோ' என்றதும் எதற்கு மனம் இழுக்கிறது? பார்க்காத காலத்துக்கு ஏக்கம் வருமா?

வரும். ஆனால் அது காலத்தின் மீதான ஏக்கம் இல்லை, தெளிவின் மீதான ஏக்கம். எஃப்-ஸீரோவின் விதிகளைப் பாருங்கள். ஐந்து சுற்று. முதல் சுற்று முடியும்போது முதல் பதினைந்து பேருக்குள் இருக்க வேண்டும். அடுத்து பத்துக்குள். அப்புறம் ஏழு, ஐந்து, கடைசியில் மூன்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு தடவை அதிவேகத்தில் பாயலாம். சுவரில் உரசினால் சக்தி குறையும். பூஜ்யமானால் வண்டி வெடித்துவிடும். குறைந்த சக்தியை நிரப்பப் பாதையின் ஓரத்திலேயே ஒரு பட்டை இருக்கும், அதன் மேல் ஓட்டிக்கொண்டு போனால் ஏறும். முடிந்தது. ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். நான்கு வண்டிகள். நான்கும் முதல் நாளே உங்களுடையவை. ஒன்று சட்டென்று வேகமெடுக்கும், ஒன்று மெல்ல ஏறி உச்ச வேகத்தில் ஜெயிக்கும். உங்கள் குணத்துக்கு எது ஒத்துவருமோ அதை எடுத்துக்கொள்ளலாம். எதையும் 'திறக்க' வேண்டியதில்லை. தோற்றால் தோற்றது நீங்கள்தான், வண்டி இல்லை.

கவனியுங்கள், அங்கேயும் எரிபொருள் மாதிரி ஒன்று தீரத்தான் செய்கிறது. ஆனால் அது பாதையில் கிடைக்கிறது, கடையில் இல்லை. அந்தப் பட்டை மேல் போவதா, நேர்வழியில் போய் ஒரு நொடி மிச்சம் பிடிப்பதா என்பது ஓட்டுநர் எடுக்கிற முடிவு. விளையாட்டே அந்த முடிவுதான். பேருந்தில் வந்த பெட்டியில் அப்படி எந்த முடிவும் இல்லை. சும்மா இரு, அல்லது பணம் கொடு. இரண்டிலும் ஓட்டுவது என்கிற சமாச்சாரமே கிடையாது.

இனி காசு விஷயம்.

ஆர்கேட் இயந்திரம் என்பது கடைக்காரர் பக்கம் இருந்து பார்த்தால் ஒரு நிலைச் செலவு. பெட்டியை வாங்கிப் போட்டாயிற்று, வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருவர் கூடுதலாக ஆடினால் கரண்டு தவிர வேறு செலவு இல்லை. ஆகவே ஒரு மணி நேரத்தில் எத்தனை காசு விழுகிறது என்பதே லாபம். நன்றாக ஆடுகிற ஒருவர் ஒரே காசில் அரை நாள் உட்கார்ந்துவிட்டால் கடை திவால். அதனால்தான் ரேஸ் இயந்திரங்களில் கடிகாரம் வந்தது. 1986-ல் யூ சுசுகி சேகாவுக்காக உருவாக்கிய அவுட் ரன் நல்ல உதாரணம் (அது எதிர்காலக் கதை இல்லை, சிவப்புக் கார், கடற்கரை, ஆனாலும் இந்தக் குடும்பத்துப் பெரியவர்). நேரம் எண்பது, எழுபது என்று இறங்கிக்கொண்டே வரும். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கொஞ்சம் நேரம் கூடும். ஐந்து கட்டத்தையும் பிசகில்லாமல் ஓட்டி முடித்தாலும் மொத்தம் ஐந்தாறு நிமிடம்தான். அடுத்த ஆள் வரலாம். கடைக்காரருக்கும் சந்தோஷம், ஜெயித்தவருக்கும் சந்தோஷம்.

அந்த ஒப்பந்தத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: காசு நேரத்தை வாங்கும். திறமை அந்த நேரத்தை நீட்டும். வேகத்தை மட்டும் எந்தக் காசும் வாங்காது. நூறு யென் போட்டவருக்கும் ஆயிரம் யென்னை வரிசையாகப் போட்டுக்கொண்டே இருந்தவருக்கும் அதே கார், அதே வளைவு, அதே கடிகாரம். அதனால்தான் சாதனைப் பட்டியலில் மேலே இருக்கிற மூன்றெழுத்துப் பெயருக்கு மரியாதை இருந்தது. பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது யாருடைய பெயர் என்றும் தெரிந்திருக்கும்.

ஆர்கேட் காலத்தைக் கோயிலாக்கி வைக்க வேண்டாம். அங்கேயும் பேராசை இருந்தது. 1985-ல் வந்த அட்டாரியின் கான்ட்லெட்டில் சும்மா நின்றாலே உயிர் சொட்டுச் சொட்டாகக் குறையும். காசு போட்டால் கூடும். 1990-ல் வந்த டபுள் டிராகன் 3 இன்னும் ஒரு படி மேலே போனது. விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடை, அதில் உண்மையான காசைப் போட்டுப் பலத்தை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடை ஜப்பானியப் பதிப்பில் இல்லை. ஆக, இன்றைய 'வைரம் வாங்கு' பொத்தான் வானத்திலிருந்து விழவில்லை. அன்றைக்கே ஒருவர் முயன்று பார்த்ததுதான். ஆனால் அன்று இரண்டு அடி தள்ளி இன்னொரு இயந்திரம் இருந்தது. பிடிக்கவில்லையென்றால் அடுத்த காசு அதற்கு. அந்த ஆர்கேட் கடையில் உங்களுக்குப் போன காசு ஒரு காசுதான்.

மொபைலில் அப்படி இல்லை. இங்கே வணிகவியல் வகுப்பில் படித்த ஒன்று உதவும்: அமிழ்ந்த செலவு. திரும்ப வராத பணத்தை நினைத்து மேலும் பணம் போடக்கூடாது என்பது பாடம். ஆனால் எந்த மனிதரும் அப்படி நடப்பதில்லை என்பது நடைமுறை. மூன்று வாரம் தினமும் உள்ளே போய் இலவசப் பரிசு வாங்கி, விளம்பரம் பார்த்து, வண்டியை நான்காம் நிலைக்குக் கொண்டுவந்தவர், ஐந்தாம் நிலைக்கு நூறு ரூபாய் கேட்டால் 'சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று' என்றுதான் நினைப்பார். ஆர்கேட்டில் ஆட்டம் முடிந்ததும் கணக்கு தீர்ந்துவிடும். பற்றும் இல்லை, வரவும் இல்லை. மொபைலில் கணக்கு எப்போதும் திறந்தே இருக்கும். முடிக்க விடவே மாட்டார்கள்.

இதை நம்பாதவர்களுக்கு, எல்லோருக்கும் தெரிந்த மூன்று சம்பவங்கள்.

2013-ல் ரியல் ரேசிங் 3 இலவசமாக வந்தது. படம் பிரமாதம். ஆனால் ஓட்ட ஓட்ட கார் தேயும், இடித்தால் பழுதாகும், சர்வீஸுக்கு விட வேண்டும். சர்வீஸ் முடிய நிஜ நேரத்தில் காத்திருக்க வேண்டும் அல்லது தங்கக் காசு கொடுக்க வேண்டும். உலகம் முழுக்கத் திட்டு வாங்கியது. 2019-ல் நின்டென்டோவே மொபைலுக்கு மரியோ கார்ட் டூர் கொண்டுவந்தது. அதில் மிக அதிக வேகப் பிரிவான 200 சிசி வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அமெரிக்க விலை மாதம் 4.99 டாலர். நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: ஒரு ரேஸ் விளையாட்டில் வேகத்துக்கே மாத வாடகை. டிரைவரையும் வண்டியையும் குலுக்கல் முறையில் தருகிற குழாய் வேறு இருந்தது, 2022-ல்தான் அதை எடுத்தார்கள்.

மூன்றாவதுதான் வருத்தமானது. வைப்அவுட்டை உருவாக்கிய லிவர்பூல் ஸ்டூடியோவை சோனி 2012-ல் மூடிவிட்டது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2022-ல் அந்தப் பெயர் மொபைலுக்கு வந்தது, வைப்அவுட் ரஷ் என்று. ஆவலோடு திறந்தால், அதில் முக்கிய வேலை ஓட்டுவது இல்லை. ஒரே மாதிரியான இரண்டு வண்டிகளை இழுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மூன்றாவதாக ஒரு நல்ல வண்டி வரும். அது தானாக ஓடும். உலகத்திலேயே மிக வேகமான ரேஸ் என்று பெயர் வாங்கிய ஒன்றை, பழைய சாமான் அடுக்குகிற வேலையாக மாற்றிவிட்டார்கள்.

'வேகத்தை விற்றால் என்ன தப்பு? வாங்குகிறவர் வாங்கட்டுமே' என்று கேட்கலாம். சீட்டாட்டத்திலோ ஊர் கட்டுகிற விளையாட்டிலோ விற்றால்கூட ஏதோ போகட்டும் என்று விடலாம். ரேஸ் அப்படி இல்லை. ரேஸில் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு எண்: இத்தனை நிமிடம், இத்தனை நொடி. அந்த எண்ணுக்கு மதிப்பு வருவதே எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புவதால்தான். ஊர்த் திருவிழா ஓட்டப்பந்தயத்தில், பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவருக்கு மட்டும் இருபது அடி முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுங்கள் பார்க்கலாம். தோற்றவர் மட்டுமில்லை, ஜெயித்தவரும் கோப்பையை வீட்டு அலமாரியில் வைக்க மாட்டார். விற்ற அந்த நொடியிலேயே விற்ற பொருளின் மதிப்பு போய்விடுகிறது. வியாபாரமாகப் பார்த்தாலும் அது மோசமான வியாபாரம்.

அப்படியென்றால் மொபைலில் நியாயமான எதிர்கால ரேஸ் ஒன்றுகூட இல்லையா? இருக்கிறது. டேட்டா விங்.

2017-ல் வெளியானது. உருவாக்கியவர் டேன் வோக்ட். விலை இல்லை. விளம்பரம் இல்லை. உள்ளே கடையும் இல்லை. மூன்றும் இல்லையென்றால் எங்கோ கோளாறு இருக்கும் என்று சந்தேகப்படுகிற அளவுக்கு இந்தக் காலம் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. கோளாறு ஏதும் இல்லை.

ஒரு கணினிக்குள் நடக்கிற கதை. நீங்கள் ஒரு சின்ன முக்கோணம். தகவல்களை இங்கிருந்து அங்கே கொண்டுசேர்க்கிற கூரியர் உத்தியோகம். அந்தக் கணினியை ஆள்வது 'மதர்' என்கிற செயற்கை அறிவு. ரேஸுக்கு நடுவே எழுத்துகளாக உரையாடல் வரும். முதலில் சாதாரண உத்தரவு மாதிரி, பிறகு மெல்ல மெல்ல வேறு மாதிரி. (கதையைச் சொல்லிவிட்டால் திட்டு விழும். இத்தோடு விடுவோம்.)

விஷயம் ஓட்டுவதில் இருக்கிறது. மொபைலில் ரேஸ் செய்கிறவர்களுக்கு எப்போதும் ஒரு தலைவலி உண்டு: பட்டன் இல்லை. கண்ணாடித் திரையில் பொய்ப் பட்டன் வரைந்தால் கட்டைவிரல் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். போதாததற்கு விரலே பாதி ரோட்டை மறைத்துவிடும். போனைச் சாய்த்து ஓட்டலாம் என்றால் பேருந்து வளைவில் திரும்பும்போது வண்டியும் சேர்ந்து திரும்பும். டேட்டா விங்கில் ஆக்ஸிலேட்டர் இல்லை. திரையின் இடது பாதியைத் தொட்டால் இடது பக்கம் திரும்பும், வலது பாதியைத் தொட்டால் வலது பக்கம். முன்னால் தள்ளுகிற விசை தானாகவே இருக்கிறது. மொத்தக் கட்டுப்பாடும் இரண்டு கட்டைவிரல். பாட்டியிடம் கொடுத்தால்கூட அரை நிமிடத்தில் ஓட்டுவார்.

நன்றாக ஓட்டுவாரா என்பது வேறு. வண்டி பனிக்கட்டி மேல் வழுக்குவது போல வழுக்கும். மூக்கு ஒரு பக்கம், போகிற திசை ஒரு பக்கம். மற்ற விளையாட்டுகளில் சுவர் என்றால் எதிரி. இங்கே வண்டியின் பின்பக்கத்துச் சுடரைச் சுவருக்கு அருகில் காட்டித் தள்ளினால் கூடுதல் வேகம் கிடைக்கும். ஆக, வளைவில் சுவரைவிட்டு விலகிப் போகக்கூடாது, சுவரைத் தேடிப் போக வேண்டும். போய் மோதவும் கூடாது. ஒரு விரற்கடை இடைவெளியில், வாலைச் சுவருக்குக் காட்டியபடி திரும்ப வேண்டும். முதல் பத்து தடவை குப்புற விழுவீர்கள். பதினோராவது தடவை ஒரு வளைவு சரியாக அமைந்து, வண்டி உண்டிகோலிலிருந்து கிளம்பிய கல் மாதிரிப் பாயும் பாருங்கள்... அந்த ஒரு நொடிக்கு எந்த வைரமும் ஈடில்லை. முதல் நாள் ஓட்டிய அதே முக்கோணம்தான் அது. மாறியது கட்டைவிரல்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. கோடுகளும் தட்டை நிறங்களும் மட்டும் என்பதால் மூன்று வருடப் பழைய சாதாரண போனிலும் தடங்கல் இல்லாமல் ஓடக்கூடிய வகை இது. வேக விளையாட்டில் இது சின்ன விஷயமில்லை. விநாடிக்கு அறுபது படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி, அதில் நாலைந்து தவறினால் வளைவு போயிற்று. நிஜக் காரின் பளபளப்பையும் மழைத்துளியையும் வரைகிற விளையாட்டுகள், போன் சூடானதும் மூச்சு வாங்கத் தொடங்கும். ரெட்ரோ தோற்றம் ஏழைக்கும் ஒத்துவருகிற தோற்றம். நிஜக் கார் வைத்தால் கார் கம்பெனிக்கு உரிமத் தொகை வேறு கட்ட வேண்டும். கற்பனை முக்கோணத்துக்கு யாரும் பில் அனுப்ப மாட்டார்கள்.

சரி, எல்லாம் இலவசம் என்றால் செய்தவர் எதைச் சாப்பிடுவார்? நியாயமான கேள்வி. டேட்டா விங் ஒரு தொழில் மாதிரி அல்ல, ஒரு பரிசு. எல்லோரும் பரிசளிக்க வேண்டும் என்று கேட்பதும் அநியாயம்தான். அதற்குப் பதில் பிரேசிலில் இருக்கிறது. போர்ட்டோ அலெக்ரே நகரத்து அக்குவிரிஸ் ஸ்டூடியோ 2015-ல் ஹொரைசன் சேஸ் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. எதிர்கால வண்டி இல்லை, சாதாரணக் கார்தான். ஆனால் தட்டை நிறமும் வேகமும் பழைய ஆர்கேட் வாசனையும் அப்படியே. 1992-ல் வந்து பிரேசிலில் பெரும் புகழ் பெற்ற டாப் கியர் என்ற விளையாட்டுக்கு இசையமைத்த பாரி லீச்சையே தேடிப் பிடித்து இதற்கும் இசையமைக்க வைத்தார்கள். ஆண்ட்ராய்டில் அவர்கள் வைத்த முறை: முதல் சில பந்தயம் இலவசம்; பிடித்திருந்தால் ஒரே தடவை பணம் கட்டி மொத்தத்தையும் திறந்துகொள்ளலாம். ஓட்டிப் பார்த்து வாங்குவது. மாம்பழக் கடையில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுக்கிற மாதிரி.

வேடிக்கை என்னவென்றால் அதிலும் எரிபொருள் தீரும்! ஆனால் நிரப்புவதற்கான கேன் ரோட்டிலேயே கிடக்கும். ஓட்டிக்கொண்டு போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

'ஐயா, கையில் காசு இல்லாத பையனுக்கு இலவச விளையாட்டுதானே கதி? காத்திருந்தாவது ஆடட்டுமே' என்று சிலர் சொல்வார்கள். மறுக்க முடியாத வாதம் ஒரு காலத்தில். கிரெடிட் கார்டு இல்லாமல் ஆப் வாங்க முடியாது என்றிருந்தபோது மாணவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் கூகுள் பிளே இந்தியாவில் குறைந்தபட்ச விலையை 2015-லேயே 50 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக இறக்கிவிட்டது. பிறகு யு.பி.ஐ.யும் வந்துவிட்டது. டீக்கடையில் ஸ்கேன் செய்கிற அதே கை இதற்கும் ஸ்கேன் செய்யும். கடைக்காரர் கமிஷனும் முன்பு முப்பது சதவீதம் இருந்தது. 2021-ல் ஆப்பிள், கூகுள் இரண்டுமே சிறிய உருவாக்குநர்களுக்குப் பதினைந்தாகக் குறைத்தன. ஐம்பது ரூபாய்க்கு ஒரு முழு ரேஸ் விளையாட்டை விற்றுப் பிழைக்க முன்பைவிட வழி இருக்கிறது.

அந்த 'இலவசம்' உண்மையில் யாருக்கு இலவசம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத சிலர் ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். அந்தச் சிலரின் பணத்தில்தான் மற்றவர்களுடைய இலவசம் ஓடுகிறது. பெரிய செலவாளிகளுக்கு அந்தத் தொழிலில் வழங்குகிற பெயர் 'திமிங்கிலம்'. வாடிக்கையாளரைக் கடைக்காரர் அண்ணே என்று கூப்பிடுவார், ஐயா என்று கூப்பிடுவார். வேட்டைப் பிராணியின் பெயரால் கூப்பிடுகிற வியாபாரம் எப்படிப்பட்டது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் சிலர் அப்பாவின் போனை வைத்திருக்கிற பள்ளிக்கூடப் பையன்கள்.

எதிர்கால ரேஸ் தேடி இறக்குகிறவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இறக்கியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். தனியாக ஓட்டுகிற ரேஸுக்கு நெட் எதற்கு? நேராகப் பந்தயம் தொடங்கினால் பாதி நல்ல அறிகுறி. 'இணைப்பு இல்லை' என்று கையை விரித்தால், அது ஓடுவதற்குத் தேடுவது ரோட்டையா கடையையா என்று யோசிக்க வேண்டியிருக்கும். அடுத்து, முதல் ரேஸ் முடிந்ததும் எத்தனை பெட்டி எழும்புகிறது என்று எண்ணுங்கள். தினப் பரிசு, சக்கரம் சுற்று, சிறப்புத் தள்ளுபடி 23 மணி நேரம் 59 நிமிடம்... மூன்றைத் தாண்டினால் அழித்துவிடலாம். இடமாவது மிஞ்சும் :-)

டேட்டா விங்கில் ரேஸ் முடிந்ததும் வருவது உங்கள் நேரம். மறுபடி ஆடுகிறீர்களா என்ற கேள்வி. அவ்வளவுதான். ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடினால் நல்லது, அதன் இசைக்காகவே. பேருந்தில் என்றால் இன்னும் அவசியம்; பக்கத்து சீட்டுக்காரர் பாவம், தூங்கிக்கொண்டிருப்பார்.